செல்லப்பிராணி வளர்ப்பு

உழைப்புக்காகவோ உணவுக்காகவோ அல்லாமல், கூட இருப்பதற்காகவே வீட்டில் பேணப்படும் விலங்கையும் பறவையையும் செல்லப்பிராணி என்கிறோம். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் கீத் தாமஸ் 1983-இல் வெளியிட்ட நூலில் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: அதை வீட்டுக்குள் விடுவார்கள், அதற்கென்று ஒரு பெயர் இருக்கும், அதை யாரும் உண்ண மாட்டார்கள். முதல் அடையாளம் தமிழ்நாட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வாசலையும் திண்ணையையும் தாண்டாத நாய்க்கும் நம் ஊரில் மணி என்றோ ராமு என்றோ பெயர் உண்டு. அது செத்தால் வீட்டில் அன்று அடுப்பு மூட்ட மனம் வராது. இந்த மூன்றில் பெயர்தான் முக்கியமானது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் திருவிழா நெருங்கும்போது வீட்டில் என்ன பாடு என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

செல்லப்பிராணி வளர்ப்பு வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றும், நகரமும் பணமும் கொண்டுவந்த பழக்கம் என்றும் ஒரு கருத்து உண்டு. வரலாறு அதை ஏற்கவில்லை. அமேசான் காட்டில் வாழும் அவா மக்கள் குரங்கை வேட்டையாடி உண்பவர்கள். தாய்க்குரங்கு வேட்டையில் இறந்து குட்டி தனித்துவிட்டால், பெண்கள் அதை எடுத்துவந்து தம் பிள்ளைகளோடு சேர்த்துத் தாய்ப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த குரங்கை அவர்கள் உண்பதில்லை. ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1865-இலேயே பல நாட்டுப் பழங்குடிகளிடமிருந்து இத்தகைய செய்திகளைத் திரட்டி, மனிதர் விலங்குகளைப் பழக்கியதன் தொடக்கமே இந்தச் செல்ல வளர்ப்பாக இருக்கலாம் என்று எழுதினார்.

கல்லறைகள் தரும் சான்று

ஒரு விலங்கைப் பயனுக்காக வைத்திருந்தார்களா, பாசத்துக்காக வைத்திருந்தார்களா என்று எலும்பைப் பார்த்துச் சொல்வது கடினம். ஆனால் நோயில் விழுந்த விலங்கையும் கிழடான விலங்கையும் என்ன செய்தார்கள் என்பதை எலும்பும் பல்லும் சொல்லும்.

ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914-இல் கல்குவாரித் தொழிலாளர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணையும் பெண்ணையும் அங்கே புதைத்திருந்தார்கள். கூடவே ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. நூறாண்டு கழித்து அதன் பற்களை மறுபடி ஆராய்ந்தபோது, ஏழு மாத வயதில் இறந்த அந்தக் குட்டிக்கு அதற்குப் பல வாரங்கள் முன்பே டிஸ்டெம்பர் என்ற கொடிய காய்ச்சல் கண்டிருந்தது தெரிந்தது. இன்றும் நாய் வளர்ப்பவர்கள் அஞ்சும் நோய் அது. வாந்தி, பேதி, வலிப்பு என்று படுத்துவிட்ட குட்டிக்கு யாரோ தண்ணீர் புகட்டி, துடைத்துச் சுத்தம் செய்து, சூடாக வைத்துக் கவனித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது அத்தனை வாரம் தாக்குப்பிடித்திருக்காது. வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத ஒரு குட்டிக்கு, பனியுகத்தின் கடைசிக் காலத்தில், தம் உணவுக்கே அலைந்து திரிந்தவர்கள் செய்த பணிவிடை இது. செல்லப்பிராணியின் வரலாற்றை இந்தக் குட்டியிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

வட இஸ்ரேலில் உள்ள ஐன் மல்லாஹாவில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் கை ஒரு நாய்க்குட்டியின் உடல்மேல் வைக்கப்பட்டிருந்தது. பூனையின் வரவு சற்றுப் பிந்தியது. தானியக் குதிர்களைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. அங்கே 9,500 ஆண்டுப் பழமையான ஒரு மனிதப் புதைகுழிக்கு அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். யாரோ அதை, அல்லது அதன் முன்னோரை, படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறார்கள்.

எகிப்தியர் பூனையிடம் காட்டிய மதிப்பு பலரும் அறிந்தது. மூன்றாம் அமென்ஹோதெப்பின் மகனான இளவரசன் துத்மோஸ், தன் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் பேழை செய்து, அது படையலுக்கு முன்னே அமர்ந்திருப்பதுபோலச் செதுக்கச் செய்தான். வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். அதே நாட்டில் பிற்காலத்தில் கோயில் காணிக்கைக்கென்றே பூனைகளைப் பெருக்கி, கழுத்தை முறித்து, பதப்படுத்தி விற்றார்கள். பாசமும் கொலையும் ஒரே விலங்கின்மேல் ஒரே மண்ணில் நடந்தன.

பெரெனிகே

நம் கவனத்துக்கு மிகவும் உரிய இடம் செங்கடல் கரையிலிருந்த ரோமானியத் துறைமுகமான பெரெனிகே. தென்னிந்திய மிளகு இறங்கிய துறை அது. அகழாய்வில் அங்கே ஒரு பெரிய இந்திய ஜாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. அதே ஊரின் புறத்தே, கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு விலங்கு இடுகாட்டைப் போலந்து நாட்டு ஆய்வாளர் மார்த்தா ஓசிபின்ஸ்கா ஆராய்ந்து, 2021-இல் 585 உடல்கள் பற்றிய விவரங்களை வெளியிட்டார். பெரும்பாலானவை பூனைகள், நாய்களும் குரங்குகளும் உண்டு. சில பூனைகளின் கழுத்தில் இரும்புப் பட்டையும் மணிமாலையும் இருந்தன. ஒரு நாயைப் பனை ஓலைப் பாயில் சுற்றி, உடைந்த ஜாடியின் இரு பாதிகளை அதன்மேல் மூடியாக வைத்திருந்தார்கள்.

அங்கே புதைக்கப்பட்ட குரங்குகளில் சில இந்தியாவிலிருந்து சென்றவை. பருவக்காற்றோடு மிளகு மூட்டைகளுக்கிடையே பயணம் செய்து, பாலைவனக் கரையில் யாருடைய மடியிலோ வளர்ந்து இறந்தவை. பெரெனிகேயைச் சுற்றி விளைச்சலே இல்லை. நைல் நதிக்கரையிலிருந்து பாலைவனம் கடந்துதான் தானியம் வர வேண்டும். அப்படி வந்த உணவிலிருந்து, பல்லெல்லாம் விழுந்துபோன கிழட்டு நாய்களுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. மெல்ல முடியாத அந்த நாய்களுக்கு யாரோ உணவைக் குழைத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஓபர்காசலில் குட்டிக்கு நடந்தது இங்கே கிழட்டு நாய்க்கு நடந்திருக்கிறது.

தமிழகமும் கர்நாடகமும்

தமிழ்நாட்டில் இந்த உறவுக்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. எருமை மந்தைக்காக நடந்த பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்துபட்டான். அவன் உருவத்தின் அருகே ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு தனியாகக் குறிக்கிறது. மன்னர்களின் மெய்க்கீர்த்தியும் நிலக்கொடையும் நிறைந்த கல்வெட்டுகளுக்கு நடுவே, மாடு மேய்க்கும் ஊரின் நாய் ஒன்று பதினான்கு நூற்றாண்டாகப் பெயரோடு நிற்கிறது.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல் இன்னும் விரிவானது. கி.பி. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரும் கங்கரும் சேர்ந்து சோழரை எதிர்த்தார்கள். பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மடிந்தான். அந்தப் போரில் கங்கர் பக்கம் நின்று வீரம் காட்டிய மணலேரன் பரிசாகக் கேட்டது பொன்னல்ல, காளி என்ற வேட்டை நாயை. பின்னர் காளி ஒரு பெரிய பன்றியோடு மோதியது; பன்றியும் காளியும் சேர்ந்தே இறந்தன. அதற்காகக் கல் நாட்டி, பூசைக்கு நிலமும் விட்டார்கள். இப்போது அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழர் வரலாற்றில் பெருந்தோல்வியாகப் படிக்கும் தக்கோலப் போரின் நேரடிச் சான்றுகளில் ஒன்று, ஒரு நாயின் நினைவுக்கல்.

கோவிவனும் காளியும் வேலை செய்த நாய்கள். பயனும் பாசமும் இங்கே பிரிந்து நிற்கவில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி நாய்களின் கதையும் அதுவே. கன்னி நாயை மணப்பெண்ணோடு சீராக அனுப்பியதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று தென்மாவட்டங்களில் சொல்வார்கள். கிளியின் நிலை வேறு. அது பேச்சுக்காகவே வளர்க்கப்பட்டது. மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி உண்டு. மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபமே உண்டு. இன்று நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டமாகப் பறந்து வாழும் பறவைக்குத் தனிக்கூண்டு சிறைதான். நம் அன்பு அதற்குத் துணையாகிவிடாது.

வீட்டுக்குள் வந்த கதை

இன்று உலகெங்கும் காணும் செல்லப்பிராணிப் பண்பாட்டின் வடிவம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. 1824-இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், 1860-இல் பிற்காலத்தில் பாட்டர்சீ என்று பெயர்பெற்ற ஆதரவற்ற நாய்களுக்கான இல்லம், 1871-இல் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி, 1873-இல் கென்னல் கிளப் என்று அடுத்தடுத்து வந்தன. வதையைத் தடுக்கும் எண்ணமும், இனத்தூய்மை என்ற வெறியும் ஒரே காலத்தில் ஒரே சமூகத்தில் முளைத்தன. தோற்றத்துக்காகவே நெருங்கிய உறவுக்குள் இனம் பெருக்கியதன் விலையை நாய்கள் இன்றும் கொடுக்கின்றன. 2003-இல் வந்த ஒரு கைபேசி விளம்பரத்தைப் பார்த்து நம் நகரங்களில் பக் நாய் வாங்கியவர்கள் ஏராளம். தட்டை மூக்கோடு சென்னையின் மே மாத வெயிலில் மூச்சுக்குத் திணறும் அந்த நாயை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் போதும்.

இந்தியாவில் விலங்கு நலச் சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் சென்னையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

மனிதருக்குக் கிடைப்பது என்ன

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் திறந்த 'ரிட்ரீட்' மனநோயாளர் இல்லத்தில், சங்கிலியால் கட்டிவைப்பதற்குப் பதிலாக முற்றத்தில் முயல்களையும் கோழிகளையும் விட்டுவைத்தார்கள். தன்னைவிட எளிய ஓர் உயிரைக் கவனிக்கும்போது கலங்கிய மனம் அடங்குகிறது என்பது அவர்கள் கண்ட அனுபவம். நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் செவிலியர் பணி பற்றிய நூலில் எழுதினார். அவரே ஓர் ஆந்தையை வளர்த்தவர்.

நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சனுக்கு இது தற்செயலாகப் புலப்பட்டது. யாரிடமும் பேசாத ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையில் இருந்த அவருடைய ஜிங்கிள்ஸ் என்ற நாய் அவனை நக்கி வரவேற்றது. பையன் நாயோடு ஒட்டிக்கொண்டான், பிறகு நாயின் வழியாக லெவின்சனோடும் பேசத் தொடங்கினான். 1961-இல் அவர் இதைச் சொன்னபோது சக உளவியலாளர்கள் சிலர் கேலி செய்தார்கள்.

கேலியைக் குறைத்தது ஓர் எண்ணிக்கை. எரிக்கா பிரீட்மனும் உடன் ஆய்வாளர்களும் 1980-இல் 92 இதயநோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். வீட்டில் விலங்கு வளர்த்த 53 பேரில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். இது சிறிய ஆய்வு. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. உடல்நலம் உள்ளவர்தான் நாய் வளர்க்க முன்வருகிறாரா, நாய் வளர்ப்பதால் நலம் வருகிறதா என்று பிரித்தறிவதும் எளிதல்ல. நாயை மருந்துச்சீட்டாக நினைத்து வாங்கக் கூடாது. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவதைக் காட்டினார்கள். தாயையும் சேயையும் பிணைக்கும் சுரப்பு அது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இந்த விளைவு தெரியவில்லை.

ஆனால் சுரப்பு மட்டுமே விடையாகாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் ஒரு முதியவர் காலை ஐந்தரைக்கு எழுகிறார் என்றால், வாசலில் காத்து நிற்கும் நாய்க்காகத்தான். அவருக்கு மாத்திரை கொடுக்கவும் கை பிடிக்கவும் ஆள் வைத்துவிடலாம். இன்னோர் உயிருக்குத் தான் தேவைப்படுகிறோம் என்ற உணர்வை ஆள் வைத்துக் கொடுக்க முடியாது. விலங்கு நமக்குத் தருவது அன்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். நாம் கொடுப்பதை மறுக்காமல் வாங்கிக்கொள்வதே அது தரும் பெரிய கொடை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஓபர்காசல் குட்டிக்குத் தண்ணீர் புகட்டியவருக்குக் கிடைத்ததும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்த உறவில் அதிகாரம் முழுவதும் ஒரு பக்கம் என்பதை மறைக்கக் கூடாது. புவியியலாளர் யீ-பூ துவான் 1984-இல் எழுதிய நூல் செல்லம் என்பதையே ஆதிக்கமும் பாசமும் கலந்த ஒன்றாகக் காண்கிறது. 1939 செப்டம்பரில் போர் அறிவிப்பு வந்த சில நாட்களில், லண்டன் மக்கள் தம் பூனைகளையும் நாய்களையும் லட்சக்கணக்கில் தாமே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். அப்போது ஒரு குண்டுகூட விழவில்லை. பொதுப் பதுங்கிடங்களில் விலங்குகளுக்கு இடமில்லை. ஊர்ப்புறம் அனுப்ப முடியாதவர்கள் கொன்றுவிடுவதே கருணை என்று அரசு சார்ந்த துண்டுப் பிரசுரம் அறிவுறுத்தியது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது மீட்பு வாகனங்களிலும் முகாம்களிலும் விலங்குகளுக்கு இடமில்லை என்ற அதே விதி மறுபடி இருந்தது. இம்முறை பலர் நாயை விட்டுவிட்டுப் படகில் ஏற மறுத்தார்கள். வெள்ளத்துக்கு நடுவே மொட்டை மாடிகளிலேயே தங்கினார்கள். அடுத்த ஆண்டு அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி, நடுவண் அரசின் பேரிடர் நிதியைப் பெற விரும்பும் ஒவ்வொரு மாநிலமும் மக்களை வெளியேற்றும் திட்டத்தில் அவர்களின் வீட்டு விலங்குகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.