கைநாட்டிலிருந்து வலைப்பக்கம் வரை



குழு ஆரம்பிச்ச புதுசில் பல ஊர்களில் ஒரே கவலைதான்: தீர்மான நோட்டை யார் எழுதுறது? அடுத்தவர் எழுத, நாம கைநாட்டு வைத்தோம். நம்ம கணக்கை நாமே எழுதத் தொடங்கிய பிறகுதான் பணம் நம்ம கைக்கு வந்தது. வலைப்பக்கத்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. அதே வருஷம், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வலை என்ற யோசனையை எழுதிக் கொடுத்தார். 1991-இல் அது வெளியுலகுக்கு வந்தது. அந்த வருஷம்தான் நம்ம பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் படிச்சாங்க, சைக்கிளும் பழகினாங்க. 1993 ஏப்ரல் 30 அன்று, வலையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது.

அப்போது பக்கம் எழுதப் பெரிய சாதனம் எதுவும் வேண்டியதில்லை. சாதாரண எழுத்துப் பலகை போதும். தலைப்பு இங்கே தொடங்குது என்று ஒரு குறி, இங்கே முடியுது என்று இன்னொரு குறி. பத்திக்கும் அப்படியே. திறந்த குறியை மூட மறந்தால் பக்கம் குலைந்துபோகவும் கூடும். இதுக்குப் பேர்தான் எச்.டி.எம்.எல். அடுத்தவர் பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கு என்று திறந்து பார்க்கவும் முடியும். பக்கத்து வாசல் கோலத்தில் புள்ளியை எண்ணிப் பார்த்து, மறுநாள் நம்ம வாசலில் போடுறோமே, அதுபோல இதையும் நிறையப் பேர் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டாங்க.

தமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கஷ்டம் இருந்தது. கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் கிறுக்கலாகத் தெரியும். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இதற்காகவே உழைத்தார். 1995 அக்டோபரில் அங்கே நான்கு மொழிக் கவிதைகளோடு ஒரு வலைத்தளம் திறக்கப்பட்டபோது, தமிழும் வலையேறியது. அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் கணியன். நம்ம சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படுவது உங்களுக்குத் தெரியும்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டெழுதி வலையில் வைத்தாங்க. 1999-இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது. பிறகு யூனிகோட் பரவி, எழுத்துருத் தொல்லையும் தீர்ந்தது.

அவங்க பாதையைச் சரிசெய்து வைத்துவிட்டாங்க. இப்போ நம்ம முறை. ஆத்தங்குடிக் கல்லும், கண்டாங்கிச் சேலையும், மனகோலமும், சீப்புச் சீடையும் வலையில் நிறைய இருக்கு. ஆனா அதைப் பற்றி எழுதினவங்க, விலை சொன்னவங்க பெரும்பாலும் வேற ஆட்கள். செய்யுற கை எது என்று அங்கே தெரியாது.

அதனால் ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தராவது இதைக் கத்துக்கணும். முதல் நாள் குழுவின் பெயர், ஊர். மறுநாள் செய்யும் பொருள், நாம வைக்கும் விலை. தப்பு வந்தால் அழித்துவிட்டு எழுதலாம். நோட்டில் அடிச்சு எழுதினதைவிட இது சுலபம். தீர்மான நோட்டில் முதல் கையெழுத்துப் போட்டப்போ கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் போட்டோமே!