உப்பளமும் நீச்சல் தடாகமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், ஆலங்குடாவைச் சூழ்ந்த மணற்பரப்பிலே, கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் விடுதிகளும் விடுமுறை மாளிகைகளும் பல எழுந்துள்ளன. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய நிலத்தில், இருபுறமும் நீர் சூழ்ந்திருக்க, வீட்டு முற்றத்திலே இன்னொரு நீர்நிலையை வெட்டிவைப்பது செல்வத்தின் இலக்கணமாகிவிட்டது. அத்தகைய மாளிகையொன்றின் நீச்சல் தடாகத்தைப் பராமரிக்கும் இளைஞன் ஒருவன், நம்மிடம் தமிழ் படித்தவன், ஒருநாள் மாலை ஒரு கொப்பியுடன் நம் வீட்டுக்கு வந்தான்.

"சேர், காலையிலே அளந்தால் இரண்டு இருக்குது. மத்தியானம் அளந்தால் ஒன்றுமே இல்லை. முதலாளி நான் தூளைக் களவெடுத்து விற்கிறேன் என்று நினைக்கிறார்" என்றான்.

கொப்பியிலே நாளும் நேரமும் இட்டு, நீரில் எஞ்சிய குளோரீனின் அளவை ஒழுங்காக எழுதிவைத்திருந்தான். நாம் தமிழ் கற்றவர். இரசாயனம் நமக்குத் தொலைவான ஊர். ஆயினும் ஒரு பிள்ளையின் நேர்மை ஐயத்துக்குள்ளாகி நிற்கும்போது, அது நம் பாடமன்று என்று கூறி ஒதுங்குவது ஆசிரியர்க்கு அழகன்று. நம் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு அமர்ந்தோம். அன்று தொடங்கிய விசாரணை உப்பளத்துக்கும் அகதிமுகாமுக்கும் நம்மை இட்டுச் சென்றது.

குளோரீன் உப்பின் பிள்ளை. நாம் சோற்றிலிடும் உப்பே சோடியமும் குளோரீனும் சேர்ந்த சேர்க்கைதான். உப்புக் கரைசலினூடே மின்னைப் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரீன் வாயு எழும். மறுமுனையில் ஐதரசன் எழ, கரைசலில் எரிசோடா எஞ்சும். இம்முறை 1890களில் ஐரோப்பாவிலே பெருந்தொழிலாயிற்று.

அந்த உப்புக்குப் புத்தளம் பழம்பெயர் பெற்ற ஊர். 1344இல் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா 'பத்தாளா' என்று குறித்துள்ள துறையைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியிலே கோட்டை கட்டியமைக்கு ஒரு காரணம், கண்டி இராச்சியத்துக்குச் செல்லும் உப்பின் வழி அவர்தம் கைப்பிடிக்குள் இருக்கவேண்டும் என்பதே. மலைநாட்டு மன்னனுக்கு மலையிலே எல்லாம் விளைந்தன, உப்பு ஒன்றைத் தவிர. பின்வந்த ஆங்கிலேயர் உப்பை அரசின் ஏகபோகமாக்கினர். சங்ககாலத்து உமணர் வண்டியிலேற்றி நெல்லுக்கு மாற்றிய பண்டம், கம்பனிகளின் காலத்தில் மனிதரின் நாக்கின்மீது இட்ட வரியாயிற்று. 1930இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் மக்கள் குனிந்து உப்பெடுத்தது எதற்கு என்பதை நம் மாணவர்க்கு விளக்கும்போது, பாலாவி உப்பளத்தை யன்னல் வழியே காட்டினாலே போதும் என்று நாம் எண்ணுவதுண்டு.

இனிக் குளோரீனின் பக்கம் வருவோம். 1774இல் சுவீடனில் ஷீலே இவ்வாயுவை முதன்முதல் பிரித்தெடுத்தார். 1810இல் ஹம்ப்ரி டேவி அதற்குப் பெயரிட்டார். ஆனால் இடைப்பட்ட காலத்திலேயே வணிகர் அதன் பயனைக் கண்டுகொண்டனர். 1799இல் கிளாஸ்கோவின் சார்ல்ஸ் ரெனன்ற் சுண்ணாம்பிலே குளோரீனை ஏற்றி வெளிற்றும் தூளைச் செய்து காப்புரிமை பெற்றார். மாதக்கணக்காக வெயிலிலே விரித்து வெளுக்கவேண்டியிருந்த துணி சில நாட்களில் வெளுத்தது. பருத்தியாலை முதலாளிகளின் பணம் விரைந்து சுழன்றது. துணியின் அழுக்கைப் பற்றி உலகம் கொண்ட இந்த அக்கறை மனித உயிரின்பால் திரும்புவதற்கு அரை நூற்றாண்டு கடக்கவேண்டியிருந்தது. 1847இல் வியன்னாவின் மகப்பேற்று மனையிலே, மருத்துவர்கள் குளோரீன் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவவேண்டும் என்றார் செம்மல்வைஸ்; தாய்மாரின் சாவு வீழ்ச்சியுற்றது; மருத்துவ உலகமோ அவரை எள்ளியது. 1915 ஏப்ரல் 22ஆம் நாள் இதே வாயுவை ஜேர்மன் படையினர் ஈப்பர் களத்திலே திறந்துவிட்டனர். இவ்வொரு பொருளிலிருந்து யார் எதைச் செய்வது என்பது அதைக் கையாள்பவரின் வர்க்க நலனைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குடிநீரில் அதை இடும் வழக்கமோ ஒரு வழக்கிலிருந்து பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஜேர்சி சிற்றிக்கு நீர் வழங்க ஒப்புக்கொண்ட தனியார் கம்பனி தூய நீரைத் தரவில்லை என்று நகரம் நீதிமன்றம் சென்றது. ஆற்றின் மேற்பகுதி ஊர்களுக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமைப்பதா, வேறு வழி காண்பதா என்ற நிலையில், கம்பனியின் ஆலோசகரான ஜோன் லீல் என்னும் மருத்துவர் 1908 செப்டெம்பரில் எவரிடமும் அனுமதி கேளாது வெளிற்றும் தூளை நகரின் நீரிற் கலக்கத் தொடங்கினார். நீதிமன்றத்திலே, நகரத்தவர் குடிநீரில் நஞ்சிடுவதா என்று எதிர்த்தரப்பு சீறியது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905இலேயே இம்முறை தொடர்ந்து கையாளப்பட்டிருந்தது. ஆயினும் உலகெங்கும் பரவியது ஜேர்சி சிற்றி வழக்கின் பின்னரே. கால்வாய் வெட்டும் செலவைத் தவிர்க்கக் கம்பனி கண்ட மலிவான வழி இது என்பதை நாம் மறக்கலாகாது. அந்த மலிவான வழி எண்ணற்ற குழந்தைகளைத் தைபோயிட்டிலிருந்து காத்தது என்பதையும் மறைக்கலாகாது. வரலாறு நம் வசதிக்கேற்ப நேர்கோட்டில் நடப்பதில்லை.

இலங்கையில் ஒரு காலத்தில் நமக்கென்றே குளோரீன் இருந்தது. ஆனையிறவின் உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையொன்று 1950களில் எழுந்தது. போர் அதை மூடியது. அதன்பின் நாட்டின் குழாய்நீரைத் தூய்மையாக்கும் குளோரீன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. மூன்று பக்கமும் உப்பு விளையும் நாடு, உப்பிலிருந்து எடுக்கும் பொருளை விலைகொடுத்து வாங்குகிறது. 2025இல் மழை மிகுந்து உப்பு விளைச்சல் குன்றியபோது உப்பையே இறக்குமதி செய்த விந்தையையும் கண்டோம்.

மாணவனின் கொப்பிக்குத் திரும்புவோம். அவனுடைய தடாகம் பத்து மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம். ஆகவே அறுபதினாயிரம் லீற்றர் நீர். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரீன் ஏறவேண்டுமாயின் அறுபது கிராம் குளோரீன் வேண்டும். அவன் இடும் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளிலே குளோரீனின் வலு நூற்றுக்கு 65 பங்கே. ஆதலால் ஏறத்தாழத் தொண்ணூற்றிரண்டு கிராம் தூள். நீச்சல் தடாகத்துக்கு லீற்றருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை தனிக் குளோரீன் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அவன் காலையில் இட்டது இருநூறு கிராம். கணக்கு பிழையில்லை. பின் குளோரீன் எங்கே போயிற்று?

களவாடியது சூரியன். மூடாத தடாகத்திலே கடும் வெயில் ஓரிரு மணி நேரத்துக்குள் குளோரீனின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். இதற்கு மாற்றாகச் சயனூரிக் அமிலம் என்னும் நிலைப்படுத்தியை லீற்றருக்கு முப்பது முதல் ஐம்பது மில்லிகிராம் அளவில் இடுவர். அது குளோரீனுக்குக் குடைபிடிக்கும். மிகையாக இட்டாலோ, குளோரீன் குடைக்குள்ளேயே உறங்கிவிடும், கிருமியைக் கொல்லாது. அந்த மாளிகைத் தடாகத்தில் நிலைப்படுத்தி இடப்படவேயில்லை. தூளையும் அவன் விடியலில் இட்டான். அந்தியில் இட்டிருந்தால் இரவெல்லாம் அது வேலைசெய்திருக்கும்.

இரண்டாவது காரணம் நம் மண்ணிலேயே உள்ளது. அருவாக்காட்டிலிருந்து சீமெந்துக்காக வெட்டப்படும் சுண்ணக்கல் இம்மாவட்டத்தின் அடியிலே விரிந்துகிடக்கிறது. கற்பிட்டி மணலிலும் சிப்பிச் சுண்ணாம்பு உண்டு. எனவே கிணற்றுநீர் கடினமானது, காரப்பாங்கானது. அவன் இடும் தூளும் அதே பாங்கைக் கூட்டுகிறது. நீரின் பீ.எச். பெறுமானம் 7.2 ஆக இருக்கும்போது குளோரீனில் மூன்றில் இரண்டு பங்கு கிருமிகொல்லும் வடிவில் இருக்கும், 8.2 ஆனால் ஆறில் ஒரு பங்கே அவ்வாறிருக்கும். அளவுமானி காட்டும் எண் ஒன்றே. வேலைசெய்யும் குளோரீன் வேறு. ஆகவே 7.2க்கும் 7.8க்கும் இடையே பீ.எச்.ஐ நிறுத்துவது முதற் கடமை.

மூன்றாவது, குளிப்போரின் வியர்வையும் சிறுநீரும். இவற்றின் நைதரசனோடு கூடிய குளோரீன் குளோரமீன்களாகும். கண்ணை எரிக்கும் அந்த 'நீச்சல் தடாக வாசனை' குளோரீன் மிகுந்துவிட்டதன் அடையாளம் என்றே முதலாளி கருதி, தூளைக் குறைக்கச் சொல்லியிருந்தார். உண்மை பெரும்பாலும் நேர்மாறு: வாசனை எழுவது தனிக் குளோரீன் போதாமையால். தனிக் குளோரீனையும் பிணைந்த குளோரீனையும் பிரித்தறியும் நிறச்சோதனையை 1957இல் பாலின் என்னும் ஆங்கிலேய இரசாயனர் வெளியிட்டார். இன்று சிறுவரும் செய்யத்தக்கது அது. மாத்திரையொன்றைக் கரைக்க நீர் இளஞ்சிவப்பாகும், அவ்வளவே. அமிலத்தையும் தூளையும் ஒருபோதும் ஒன்றாக வைக்காதே, கலக்காதே, தூளை நீரில் இடு, தூளின்மேல் நீர் ஊற்றாதே என்று விஞ்ஞான ஆசிரியர் அவனிடம் மும்முறை கூறினார். ஈப்பர் களத்தின் வாயு ஒரு பம்பி அறைக்குள் எழுவதற்குப் போர் தேவையில்லை.

முதலாளி ஏற்றுக்கொண்டார். நிலைப்படுத்தி வந்தது, அமிலம் வந்தது, தூள் இடும் நேரம் மாறியது. மாணவனின் மானம் காக்கப்பட்டது. இத்துடன் கதையை முடித்திருக்கலாம்.

அவனோ புறப்படும்போது இன்னொன்று கேட்டான். "சேர், எங்கட கிணற்றுக்கு எவ்வளவு போடோணும்?"

அவனது வீடு எங்கே இருக்கிறது என்பதைக் கூறவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களைத் துரத்தினர். யாழ்ப்பாணத்திலே சில மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் வீடுவாசல் இழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்தடைந்தது புத்தளம் மாவட்டம். தமிழ் பேசும் மக்கள் தமிழ் பேசும் மக்களுக்கு இழைத்த இக்கொடுமையை, தமிழாசிரியராகிய நாம் வேறு பெயரிட்டு மழுப்ப முடியாது. அவனது பெற்றோர் மன்னாரிலிருந்து வந்தவர். தாய் உப்பளத்திலே உப்பு வாருகிறவர்.

ஓலைக் குடில்கள் நெருங்கிய முகாம்களில், ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்தன. கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்துக்கு நிலம் இல்லை. இம்மணலோ நீரை வடிக்கும், அழுக்கைத் தடுக்காது. தோட்டங்களிலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் உரத்தின் நைத்திரேற்று கற்பிட்டி நிலத்தடி நீரில் மிகுந்துள்ளமையை 1980களிலேயே ஆய்வாளர் கண்டிருந்தனர். வந்தோரையும் வரவேற்றோரையும் அதே நீர்தான் தாங்கவேண்டியிருந்தது. வெள்ளம் வடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றிலே தூள் இடுவார். அடுத்த வெள்ளம் வரை வேறெவரும் இடார், அளவும் எடார். மாளிகையின் தடாகம் நாளுக்கு மூன்றுமுறை அளக்கப்படுகிறது. குளிப்பவர் ஆண்டிற் சில வாரங்களே வருகிறார். அளவு எழுதாத நாள் கொப்பியில் ஒன்றுமில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றோம். கிணற்றின் விட்டம் ஒன்றரை மீற்றர், நீரின் ஆழம் இரண்டு மீற்றர். மூவாயிரத்தைந்நூறு லீற்றர் நீர். தடாகத்தூளில் நிலைப்படுத்தி கலந்திருக்கக்கூடுமாதலால் குடிநீருக்கு அது ஆகாது. பரிசோதகரிடம் பெற்ற சாதாரண வெளிற்றும் தூளையே எடுத்தோம். அதில் வலு நூற்றுக்கு முப்பது எனக் கொண்டால், ஒரு மில்லிகிராம் ஏற்றப் பன்னிரண்டு கிராம் போதும். வாளியிற் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கினோம். அரைமணி நேரத்தின் பின் அளவெடுத்தான். நிறமே இல்லை, கிணற்றின் அழுக்கு அனைத்தையும் விழுங்கியிருந்தது. மீண்டும் அதேயளவு இட்டோம். குடிநீரில் அரைமணி கழித்து 0.5 மில்லிகிராமேனும் எஞ்சவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மூன்றாவது முறையில் குழாயின் நீர் இளஞ்சிவப்பாயிற்று. அவன் கொப்பியைப் புரட்டி, தடாகத்துக்கென்று இட்டிருந்த கோடுகளுக்கு அருகே இன்னொரு கோடு கிழித்து, 'வீட்டுக் கிணறு, 0.5' என்று எழுதினான். நீர் இறைக்க இறைக்க அது குறையும், இனி குடத்திலே அளந்து இடுவதே எளிது என்று விஞ்ஞான ஆசிரியர் கூறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உப்பளத்திலிருந்து திரும்பிய அவன் தாயார், குவளையில் நீர் மொண்டு நமக்கு நீட்டினார். நைத்திரேற்றையும் உவரையும் குளோரீன் அகற்றாது. குடித்தோம், உப்புக் கரித்தது.