எந்த மீனுக்குப் பொரி போட்டோம்?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் ஆயா எங்களை நேராக மலை ஏற விடமாட்டாள். முதலில் சரவணப் பொய்கை. காலை நனைத்து, தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்து, அதன்பிறகுதான் 365 படி. வழியில் ஒரு சின்னக் குளம் உண்டு. அதன் கரையில் பொரி விற்கும் அம்மா, தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பார்; விலை சொல்லும்போது மட்டும் தெலுங்குக்குத் தாவிவிடுவார். ‘சேப்பலுக்கு’ ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நாங்கள் படித்துறையில் உட்காருவோம்.

“ஒரு பிடி போடுறா கண்ணு. வாயில்லா ஜீவன். நம்ம பாவம் கரையும்” என்பாள் ஆயா.

போட்ட நொடியில் தண்ணீர் கொதிக்கும். அத்தனை வாய்கள். அத்தனை புண்ணியம்.

ஆயா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சில மாதங்களுக்கு முன் மீன்வளம் படித்த நண்பனோடு அதே குளக்கரையில் நின்றேன். நான் பழைய பழக்கத்தில் பொரியை எறிந்தேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “இது முக்கால்வாசி ஜிலேபிடா. ஆப்பிரிக்காக்காரன். 1952ல இந்தியாவுக்கே கொண்டுவந்து விட்டது. நம்ம ஊர் மீனோட முட்டை, குஞ்சு எதையும் விடாது. உங்க ஆயா யாருக்குச் சோறு போட்டிருக்காங்க பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. ஆயாவின் அன்பில் குறையே இல்லை. எந்த மீன் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியோடு ஊருக்குத் திரும்பி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, ஆயா செய்ததையே மிகப் பெரிய அளவில், நிறையப் பணத்தோடும் படிப்போடும் சிலர் செய்திருக்கிறார்கள். தோட்ட முதலாளிகள், ராணுவ அதிகாரிகள், வக்கீல்கள், கம்பெனிக்காரர்கள். அவர்களும் மீனை நேசித்தவர்கள்தான். அந்த நேசத்தால் தென்னிந்தியாவின் மிகப் பெரிய ஆற்று மீன் ஒன்று கிட்டத்தட்டக் காணாமல் போனது. அதன் கதை இது.

சால்மன் மீனைக் காப்பாற்ற மேற்கு நாடுகளில் ஏராளமான அறக்கட்டளைகள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுக்களில் தொழிலதிபர்களையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் சாதாரணமாகப் பார்க்கலாம். நம் ஆறுகளில் சால்மன் கிடையாது. ஆனால் அந்த மாதிரிச் சங்கம் நம் ஊரில் 1877லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஊட்டியை மையமாக வைத்து நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. உறுப்பினர்கள் ஆங்கிலேயத் தோட்டக்காரர்களும் அதிகாரிகளும். இரண்டே ஆண்டுகளில், 1879இல், மெட்ராஸ் அரசு நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு தனிச் சட்டம் போட்டது. யார் சுடலாம், யார் தூண்டில் போடலாம், எந்தப் பருவத்தில் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோடர், குறும்பர், இருளர் யாரும் இந்த விதிகளை எழுதிய மேசையில் இல்லை.

அந்தச் சங்கத்தை வெறும் வில்லனாக்கிவிட முடியாது. வேட்டைக்காரர்கள் என்பதாலேயே விலங்கு குறைவது அவர்கள் கண்ணில் முதலில் பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு சங்கம் இந்தியர் கைக்கு வந்தது; பெயரிலிருந்த வேட்டை போய் வன உயிர் வந்தது. குன்னூர் வக்கீலும் இயற்கையாளருமான இ.ஆர்.சி. தாவீதார் போன்றவர்கள் மலை மலையாக ஏறி வரையாடுகளை எண்ணினார்கள். இன்று நம் மாநில விலங்கு உயிரோடு இருப்பதில் அந்தக் கணக்கெடுப்புகளுக்குப் பங்கு உண்டு.

ஆனால் மீன் விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. நீலகிரி ஓடைகளைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து ஞாபகம் வந்தது. குளிர், மூடுபனி, தெளிந்த தண்ணீர். எல்லாம் இருக்கிறது, டிரவுட் மட்டும் இல்லையே! மெட்ராஸ் ராணுவ மருத்துவரும் இந்திய மீன்களை விரிவாக ஆய்ந்து எழுதியவருமான பிரான்சிஸ் டே 1860களில் டிரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவர முயன்று தோற்றார். அந்தக் கனவு நிறைவேறியது அடுத்த நூற்றாண்டில். 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்ராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டை வளர்த்துக் காட்டினார். பசிபிக் கடலோர ஆறுகளைச் சொந்த ஊராகக் கொண்ட இந்த மீன், பசிபிக் சால்மன்களின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. அதாவது சால்மனின் தம்பி நூறு வருடத்துக்கும் மேலாகத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டோடு இருக்கிறான். அவலாஞ்சிப் பண்ணை இன்றும் நம் மீன்வளத் துறையிடம் இருக்கிறது.

இதில் ஒரு மனப்பழக்கம் இருப்பதைக் கவனியுங்கள். ஆற்றில் மீன் குறைவா? தொட்டியில் பொரித்து ஆற்றில் விடு. 1872இல் கலிபோர்னியாவின் மெக்ளவுட் ஆற்றங்கரையில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் பசிபிக் சால்மனுக்கான முதல் பொரிப்பகத்தைத் தொடங்கியபோது அமெரிக்காவும் இதையே நம்பியது. அணை கட்டலாம், மரம் வெட்டலாம், குஞ்சு விட்டால் கணக்கு நேராகிவிடும். ஒரு தொழிலதிபருக்கு இது உடனே புரியும் மொழி. சரக்கு குறைந்தால் உற்பத்தியைக் கூட்ட வேண்டியதுதானே?

இனி காவிரிக்கு வருவோம். அங்கே டிரவுட் தேவைப்படவில்லை. அங்கே மஹ்சீர் இருந்தது: பெரிய செதில், தடித்த உதடு, கெண்டைக் குடும்பத்து ராட்சசன். வெள்ளைக்காரர்கள் அதை ‘இந்திய சால்மன்’ என்றே அழைத்தார்கள். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில்காரர்களுக்காக ஒரு நூலே எழுதினார். தூண்டிலில் மாட்டினால் சால்மனைவிட மஹ்சீர்தான் மூர்க்கமாகப் போராடும் என்பது அவர் கட்சி. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் இருந்த மஹ்சீருக்கு முதுகில் கூன், துடுப்பில் செம்மஞ்சள் நிறம். 1946இல் கபினியில், மைசூரின் புகழ்பெற்ற பாடம் செய்யும் நிறுவனத்தை நடத்திய வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். 54 கிலோ. ஒரு ஆள் எடை!

சுதந்திரத்துக்குப் பிறகு அணைகள் வந்தன. வெடி வைத்து மீன் பிடிப்பது பரவியது. ஆற்றில் வெடி விழுந்தால் பெரிசு, சிறிசு, முட்டை எல்லாம் மிதக்கும். 1972இல் பெங்களூரில் தென்னிந்திய வன உயிர்ச் சங்கம் தொடங்கியது. தூண்டில் பிரியர்கள் கூடி, காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். பிடித்த மீனை எடைபோட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும் என்பது விதி. பிறகு கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனமும் பீமேஸ்வரி, காளிபோரே போன்ற இடங்களில் முகாம் அமைத்தது. முன்பு வெடி வைத்தவர்களில் சிலரே அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். காசு கொடுத்துத் தூண்டில் போட வந்த வெளிநாட்டுக்காரர்களால் ஆற்றங்கரைக் குடும்பங்களில் அடுப்பெரிந்தது. நல்ல ஏற்பாடு. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்வது நியாயமில்லை.

அடுத்தது இது. 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் மஹ்சீர் பொரிப்பகம் தொடங்கியது. நீர்மின்சாரத்துக்காகக் கட்டிய ஏரிகளின் கரையில், அருகிவரும் மீனை வளர்க்கும் முயற்சி. நிறுவனத்துக்கு லாபம் தராத வேலை. பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார்கள். அங்கே பொரித்த குஞ்சுகளை நாடு முழுக்க, கேட்ட மாநிலங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். காவிரிக்கும் வந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மஹ்சீரைக் காக்க மஹ்சீர் குஞ்சு! தப்பென்ன?

வந்தது நீலத்துடுப்பு மஹ்சீர். அது மகாராஷ்டிர ஆறுகளின் மீன். காவிரியுடையது செம்மஞ்சள் துடுப்பு, கூன்முதுகு. இரண்டும் ‘மஹ்சீர்’. அந்த ஒரு சொல் எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது.

முகாம்களின் பதிவேடுகள் பார்ப்பதற்குச் சந்தோஷமாக இருந்தன. ஆண்டுக்கு ஆண்டு அதிக மீன் சிக்கியது. நிர்வாகக் குழு முன் வைத்தால் கைதட்டு விழும் வரைபடம், மேலே மேலே ஏறும் கோடு. பிறகு ஒருநாள் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் என்ற ஆய்வாளர்கள் காளிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான ஏடுகளை வரி வரியாகப் பிரித்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள். எண்ணிக்கை கூடியது உண்மைதான். சராசரி எடை குறைந்துகொண்டே வந்தது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு. கூன்முதுகு அரிதாகிக்கொண்டே போய், கடைசியில் சிக்கியவை பெரும்பாலும் கிழடுகள். குஞ்சுகளைக் காணோம். வீட்டில் பிள்ளைச் சத்தம் நின்று, தாத்தா பாட்டி மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள் உண்டே, அப்படி. 2015இல் இந்த முடிவுகள் வெளியாயின. அணையும் மாசும் வெடியும் சேர்ந்து அழுத்திய இடத்தில், வெளியூர் மஹ்சீரும் ஒரு முக்கியக் காரணம் என்றார்கள்.

இன்னொரு அதிர்ச்சி: அதுவரை அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே இல்லை. நூற்றைம்பது வருடமாகப் படம் பிடித்துச் சுவரில் மாட்டிய மீன், எந்த இனம் என்று யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. பெயர் இல்லாவிட்டால் அழியும் பட்டியலில் சேர்க்கக்கூட முடியாது. கடைசியில் மோயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவை ஒப்பிட்டு 2018இல் விடை கண்டார்கள். காவிரியில் போய்ச் சேரும் அமராவதியின் கிளையான பாம்பாற்றிலிருந்து, சில ஆண்டுகளுக்கு முன் கேரள ஆய்வாளர்கள் விவரித்திருந்த ‘டார் ரெமாதேவியை’தான் இது. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களை ஆராய்ந்த கே. ரெமாதேவியின் பெயரால் வந்தது. துரைமார்களின் கோப்பை மீன் ஒரு பெண் விஞ்ஞானியின் பெயரைத் தாங்கியிருந்தது, யாருக்கும் தெரியாமல். அதே 2018இல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் வைத்த கையோடு ஐசியூவில் சேர்த்த மாதிரி.

எல்லைக்காரனான எனக்கு இது வேறு விதமாக உறைத்தது. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர 1960 ஏப்ரல் 1 வரை காத்திருந்தது. ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் வந்து ஊர் ஊராகப் பார்த்து எல்லை சொன்னார், பாராளுமன்றம் சட்டம் போட்டது. இவ்வளவு நடந்தது, மனிதர்கள் தங்களுக்காகப் பேச முடிந்ததால். மீனுக்கு மனு கொடுக்கத் தெரியாது. அதற்காக யார் பேசுகிறார்களோ, அவர்களுக்கு எது தெரியுமோ, அதுதான் அதன் விதி.

அப்படியானால் பணக்காரர்கள் இதில் தலையிடவே கூடாதா? ஐஸ்லாந்தின் ஓரி விக்பூசன் ஒரு தொழிலதிபர், வோட்கா வியாபாரமும் செய்தவர். 1989இல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியைத் தொடங்கினார். அவர் குஞ்சு பொரிக்கும் வழிக்குப் போகவில்லை. கடலில் வலை போட்டவர்களிடம் போய் உட்கார்ந்து, வலையை நிறுத்தினால் உங்கள் வருமானத்துக்கு என்ன வேண்டும் என்று பேரம் பேசினார். பணம் திரட்டி அவர்களின் பிடி உரிமையை விலைக்கு வாங்கினார். வியாபாரிக்குத் தெரிந்த வித்தையைச் சரியான இடத்தில் பயன்படுத்தினார்; மீனவரை எதிரியாக்கவில்லை, மீனைத் தன் போக்கில் விட்டார்.

காவிரிக்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் சட்டப்படி வேட்டைதான் என்று 2012 வாக்கில் முகாம்கள் மூடப்பட்டன. வழிகாட்டிகளுக்கு வேலை போனது. ஏடும் நின்றது. எந்த ஏடு கூன்முதுகின் வீழ்ச்சியைக் காட்டிக்கொடுத்ததோ, அதை எழுதியவர்கள் அந்தத் தூண்டில்காரர்கள்தான். தவறு செய்தவர்களின் நேர்மையான கணக்குத்தான் தவறைக் கண்டுபிடிக்க உதவியது. இதை நினைத்தால் அவர்கள் மீது கோபப்படவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. அந்த நிர்வாகக் குழுக்களில் முதலாளி இருந்தார், அதிகாரி இருந்தார், வக்கீல் இருந்தார். துடுப்பின் நிறத்தைப் பார்த்து “இது நம்ம ஆத்து மீன் இல்லீங்க” என்று சொல்லக்கூடிய பரிசல்காரருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

போன மாதம் திருத்தணிக்கு மறுபடியும் போனேன். பொரிக்கார அம்மாவிடம் கேட்டேன்: “இந்தக் குளத்துல முன்னாடி என்னென்ன மீன் இருந்துச்சும்மா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கினார். விரால், கெளுத்தி, கெண்டை, ஆரா, உளுவை. நடுவில் ஒன்றுக்குத் தெலுங்குப் பெயர்தான் வந்தது. அது எந்த மீன் என்று எனக்குப் பிடிபடவில்லை. போனில் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். நண்பனிடம் கேட்க வேண்டும்.

“இத்தன வருசமா யாரும் கேக்கலப்பா” என்றார்.