விகுன்யா

விகுன்யா, சிலி நாட்டின் கோக்கிம்போ பிராந்தியத்தில் எல்கி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிறு நகரம். அட்டகாமா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், கடற்கரை நகரான லா செரேனாவிலிருந்து கிழக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், 600 மீட்டருக்குச் சற்று கூடுதலான உயரத்தில் இருக்கிறது. இருபுறமும் மொட்டை மலைகள். ஆற்றங்கரையை ஒட்டிய ஒடுங்கிய நிலத்தில் மட்டும் பசுமை. மழை அரிது. ஆற்றில் வருவது ஆண்டீஸ் மலைப்பனி உருகிய நீர். ஊரின் பிழைப்பு முழுவதும் இந்த மலைநீரையும் மேகமில்லாத வானத்தையும் நம்பியே நடக்கிறது.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே டியாகீத்தா மக்கள் இங்கே ஆற்றுநீர் பாய்ச்சிச் சோளம் பயிரிட்டனர். அவர்கள் வண்ணக்கோலம் தீட்டிய மட்பாண்டங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. லா செரேனா 1544-இல் உருவானபின் பள்ளத்தாக்கு ஸ்பானியர் கைக்குப் போனது. அவர்களோடு திராட்சைக் கொடியும் வந்தது. சிலி விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், 1821-இல், விகுன்யா நகரம் நிறுவப்பட்டது. சதுக்கத்தருகே நிற்கும் பாவர் கோபுரம் 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பள்ளத்தாக்கின் முதன்மைத் தொழில் திராட்சை. வெயிலில் பழுத்துச் சர்க்கரை ஏறிய மஸ்கட் வகைப் பழங்களைப் புளிக்கவைத்து, செம்புக் கலன்களில் வடித்தெடுக்கும் மதுவே பிஸ்கோ. (நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் இதே மஸ்கட் குடும்பம்தான்.) 1931-இல் சிலி அரசு, அட்டகாமா, கோக்கிம்போ பகுதிகளில் விளைந்து வடிக்கப்பட்டதற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று சட்டம் செய்தது. பெயர் தனக்கே உரியது என்று பெரு நாடு இன்றுவரை வாதாடுகிறது. 1936-இல் லா உனியோன் என்ற மலைக்கிராமம் பிஸ்கோ எல்கி என்று பெயர் மாறியதும் இந்தப் போட்டியின் விளைவே. சட்டத்தைவிட உழவர்களுக்கு அதிகம் உதவியது 1938-இல் தொடங்கிய காப்பேல் கூட்டுறவுச் சங்கம் என்றே சொல்ல வேண்டும். தனித்தனியே பேரம் பேச வலுவில்லாத சிறு விவசாயிகள் அதன்மூலம் வடிசாலைக்கே பங்காளிகள் ஆனார்கள். விகுன்யாவில் உள்ள அதன் ஆலையைப் பயணிகள் சுற்றிப்பார்க்கலாம்.

கவிஞர் காப்ரியேலா மிஸ்ட்ரல் 1889 ஏப்ரல் 7 அன்று இவ்வூரில் பிறந்தார். இயற்பெயர் லூசிலா கோதோய். வளர்ந்தது பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ள மோந்தேகிராந்தே கிராமத்தில். பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கியவர், 1945-இல் இலத்தீன் அமெரிக்காவின் முதல் இலக்கிய நோபல் பரிசைப் பெற்றார். தென் அமெரிக்காவில் தம் நூல்கள் ஈட்டும் உரிமத்தொகையை மோந்தேகிராந்தேயின் ஏழைக் குழந்தைகளுக்கு எழுதிவைத்தார். அவர் கல்லறையும் அங்கேதான். விகுன்யாவுக்கு வருவோர் முதலில் பார்க்க வேண்டியது அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகம்.

1960-களில் பள்ளத்தாக்கின் வானம் உலகின் கவனத்துக்கு வந்தது. சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள தோலோலோ மலையில் அமெரிக்க வானியலாளர்கள் ஆய்வகம் அமைத்தனர். பிரபஞ்சம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் வெளியான, 2011 நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பில் இங்குள்ள 4 மீட்டர் தொலைநோக்கிக்கு முக்கியப் பங்குண்டு. அருகிலுள்ள பச்சோன் மலையின் ரூபின் ஆய்வகம் 2025-இல் முதல் படங்களை வெளியிட்டது. விஞ்ஞானிகளின் வானத்தை ஊராருக்கும் திறந்துவிட்டது விகுன்யா நகராட்சி: பொதுமக்களுக்கென்றே 1998-இல் மாமாயூக்கா குன்றில் தொலைநோக்கி நிலையம் அமைத்தது. அதைப் பின்பற்றித் தனியார் நிலையங்களும் தங்கும் விடுதிகளும் பெருகின. தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறக் கூடாது என்று இப்பகுதிக்குத் தனி விதி இருக்கிறது. 2019 ஜூலை 2 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்த ஊரின் மேல் கடந்தபோது பெருங்கூட்டம் திரண்டது. பக்கத்து வில்லாசேக்கா கிராமத்தில் பெண்கள் சூரிய அடுப்பில் சமைத்து உணவகம் நடத்துகிறார்கள்.

தண்ணீர்தான் பெருங்கவலை. 1999-இல் கட்டிமுடித்த பூக்லாரோ அணை சுமார் 20 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கவல்லது. அதற்காகக் குவாயிகுவாய்க்கா உள்ளிட்ட ஊர்கள் இடம்பெயர்ந்தன. பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று அணை நீரைப் பாய்மரப் பலகை விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடமாக்கியது. 2010 முதல் மத்திய சிலியை வாட்டும் நெடும் வறட்சியில் மலைப்பனி குறைந்து, நீர்மட்டம் பலமுறை வெகுவாகத் தாழ்ந்தது. சொட்டுநீர்ப் பாசனம் பரவியிருந்தாலும், திராட்சை விவசாயிகள் ஒவ்வோர் ஆண்டும் மலையில் விழும் பனியின் அளவைப் பார்த்தே எவ்வளவு கொடியைக் காப்பாற்ற முடியும் என்று கணக்கிடுகிறார்கள்.