இறக்கத்தில் உடல்: சாலைப் பந்தய மிதிவண்டியில் அமர்வு நிலை மாறிய வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலான மிதிவண்டிகளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். இறக்கத்தின் வேகத்துக்குக் கால்களால் ஈடுகொடுக்க முடியாதபோது, முன் ஃபோர்க்கில் பொருத்திய சிறு தாங்கிகளில் பாதங்களைத் தூக்கி வைத்துக்கொள்வது வழக்கம். உடலின் பாரம் அப்படியே சீட்டில் தங்கிவிடும். 1900ஐ ஒட்டி ஃப்ரீவீல் பரவிய பிறகே பெடல்களைக் கிடைமட்டமாக நிறுத்தி, இரு கால்களிலும் ஊன்றி, சீட்டிலிருந்து சற்று எழும்பி இறங்க முடிந்தது. இன்றைய நுட்பம் முழுவதும் இந்தச் சிறு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

1910இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை முதன்முறையாகக் கடந்தது. அன்றைய மலைப்பாதைகள் கல்லும் மண்ணும். அங்கே இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவது உயிர்காக்கும் பழக்கம். சமதளத்திலேயே, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் வேகம் குறையும்படி முன் பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். சரிவில் இந்த எல்லை இன்னும் சுருங்கும். பாரம் தாழ்வாகவும் பின்னாலும் இருந்தால் எல்லை சற்று விரியும். 1935இல் அதே பந்தயத்தின் கலிபியே கணவாய் இறக்கத்தில் விழுந்த ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ செபெதா சில நாள்களில் இறந்தார். 1951இல் முன்னிலை வீரருக்குரிய மஞ்சள் பனியனுடன் இறங்கிய விம் வான் எஸ்ட், ஒபிஸ்க் கணவாயில் பள்ளத்தாக்கில் விழுந்தும் பிழைத்தார். டயர்களை ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கயிறாக்கி அவரை மேலே இழுத்தார்கள்.

வளைவுதான் உண்மையான சோதனை. 20 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் எடுக்கச் சுமார் 27 பாகை சாய்ந்தால் போதும். அதையே 54 கி.மீ. வேகத்தில் எடுக்க 49 பாகை வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையிலும் டயரின் பிடி அதைத் தாங்குவது அரிது. ஆகவே வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடிக்க வேண்டும். கைகள் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியில், வெளிப்பக்கக் கால் கீழே, பாரம் அந்தக் காலில், பார்வை வளைவு விடுபடும் இடத்தில். முழங்கை இறுகினால் சாலையின் ஒவ்வொரு அதிர்வும் முன்சக்கரத்தின் திசையைக் கலைக்கும். 2003 டூர் தெ பிரான்ஸில், வெயிலில் உருகிய தாரின் மேல் பந்தய வீரர் பெலோகியின் பின்சக்கரம் வழுக்கியது. டயர் ரிம்மிலிருந்து கழன்றது. அவருடைய தொடை எலும்பு முறிந்தது.

நேர்ச்சரிவில் எதிரி காற்று. அதன் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 1990களில் இத்தாலிய வீரர் பந்தானி இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் இறக்கி, வயிற்றைச் சீட்டின் மேல் படியவைத்து இறங்கினார். பின்னாளில் ஸ்லோவேனிய வீரர் மொஹோரிச், நம் ஊரில் சிறுவர்களை உட்காரவைக்கும் அந்த ‘பார்’ மேலேயே அமர்ந்து இறங்குவதைப் பிரபலமாக்கினார். 2016 டூர் தெ பிரான்ஸில் பிரிட்டன் வீரர் ஃப்ரூம் அதே இடத்தில் அமர்ந்து பெடலும் மிதித்தபடி பெய்ரசூர்த் கணவாயில் இறங்கி, அன்றைய கட்டத்தை 13 விநாடி முன்னிலையில் வென்றார். பின்னர் பெர்ட் பிளோக்கன் குழு நடத்திய காற்றியல் ஆய்வில், அந்நிலையைவிட வேகமான நிலைகள் உண்டென்று தெரிந்தது. உலகம் முழுவதும் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முடிவு முக்கியமானது: முன்சக்கரத்தின் மேல் பாரம் கூடுகிறது, பிடியும் நிதானமும் குறைகின்றன, வேகமோ உச்சத்தில் இல்லை.

2021 ஏப்ரல் முதல் சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் ‘பார்’ மேல் அமர்வதைத் தடைசெய்தது. மறு ஆண்டு மிலான்–சான் ரெமோ பந்தயத்தில், ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தும் தண்டு ஒன்றைப் பொருத்தி வந்தார் மொஹோரிச். சீட்டை விட்டு நகராமலேயே உடல் தாழ்ந்தது. போஜியோ குன்றின் இறக்கத்தில் தனியே பிரிந்து, அவரே வென்றார்.