சாய்ந்த எழுத்து

பிழை திருத்துநராக இருந்த காலத்தில், ஆங்கிலப் புரூஃபில் தாவரங்களின் அறிவியல் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுவேன். சாய்வெழுத்தில் போடு என்று அதற்குப் பொருள். நேர் எழுத்தைச் சாய்த்தால் சாய்வெழுத்து என்றுதான் ஓய்வு பெறும்வரை நினைத்திருந்தேன்.

அதில் இரண்டு வகை உண்டு. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் புத்தகம் அச்சிட்ட இட்டாலிக், கையெழுத்தைப் பார்த்து வெட்டியது. 1957-இல் பாரிஸின் டெபர்னி - பெய்ஞோ வெளியிட்ட யூனிவர்ஸில் இருப்பது ஓப்ளிக். நேர் எழுத்தின் உருவமே சாய்ந்து நிற்கும். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தின் அட்ரியன் ஃப்ரூட்டிகர். 21 வகைகளுக்கும் எண்தான் பெயர்: 55 நேர் எழுத்து, 56 அதன் சாய்வு.

ஆனால் வெறுமனே சாய்த்தால் போதாது. வட்டமான எழுத்தில் ஓரிடம் தடிக்கும், இன்னோரிடம் மெலியும். வடிவமைப்பாளர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கணினியில் பக்கம் கோத்த பையன் ஒருமுறை, "சார், பட்டனை அழுத்திச் சாய்த்தால் எழுத்து கோணுகிறதே" என்றான். "உன் கண்ணில்தான் கோளாறு" என்று கடிந்துகொண்டேன்.

அவன் கண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எங்கிருந்தாலும், இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.