எகிப்தியலும் எங்கள் ஜெய்லானி மலையும்

பலாங்கொடையிலிருந்து கல்தொட்டை வீதியால் போனால் தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போய், மலைநாடு முடிந்து தாழ்நிலம் விரிகின்ற விளிம்பில் கூரகல பாறை நிற்கும். எங்களுக்கு அது ஜெய்லானி. சிறுவயதில் ரபீஉல் ஆகிர் மாதக் கந்தூரிக்கு வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவேன். தோட்ட லயங்களிலிருந்து தமிழ்ச் சனங்களும் நேர்ச்சையோடு வருவார்கள். பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (றஹ்) அவர்கள் இக்குகையில் தங்கித் தவமிருந்தார்கள் என்பது முன்னோர் நம்பிக்கை. அதே பாறைத் தொடரில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துக்களும் உள்ளன. பௌத்தர்களுக்கு அது பழைய விகாரை.

இப்படியோர் இடம் எகிப்திலும் இருக்கிறது. லுக்சர் கோயில் ஏறத்தாழ 3,400 ஆண்டுப் பழைமையானது. அதற்குள், இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் முற்றத்திலே, அபுல் ஹஜ்ஜாஜ் (றஹ்) அவர்களின் பள்ளிவாசல் நிற்கிறது. அவர்களும் பக்தாதில் பிறந்தவர்கள் என்றே சொல்வர். 1880களில் மஸ்பெரோ அங்கு அகழத் தொடங்கியபோது கோயிலை மூடியிருந்த மண்ணும் வீடுகளும் அகற்றப்பட்டன. பள்ளிவாசல் மட்டும் எஞ்சியது. தரை கீழிறங்கிவிட்டதால் அதன் பழைய வாசலொன்று இன்றும் அந்தரத்தில் தொங்குகிறது. ஷஃபான் மாத மவ்லிதில் அங்கே ஊர்வலமாகப் படகுகள் வரும். பிர்அவ்ன் காலத்துப் படகு விழாவோ கோயிற் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பள்ளிவாசல் நிலைத்ததைப் பார்த்து, எகிப்தியல் என்ற துறை எப்போதும் ஊர் மக்களை மதித்தே வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அது பிறந்ததே படையெடுப்பில்தான். 1798இல் நெப்போலியன் வந்தான். 1799இல் ரொசெட்டாக் கல் கிடைத்தது. 1822இல் ஷம்போலியோன் அதன் எழுத்தைத் திறந்தார். இப்னு வஹ்ஷிய்யா போன்ற அரபு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்வெழுத்தோடு மல்லுக்கட்டியதை அத்துறை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அந்த விடுபட்ட ஆயிரம் ஆண்டுகளைப் பற்றி எகிப்தியரான உக்காஷா அத்தாலி எழுதிய நூல் 2005இல்தான் வந்தது.

1858இல் தொல்பொருட் சேவை நிறுவப்பட்டது. அதன் தலைமை சுமார் ஒரு நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. 1869இல் ஜெர்மானியரான புருக்ஷ், எகிப்திய மாணவர்களுக்கென ஒரு பாடசாலை தொடங்கினார். அவர்கள் நூதனசாலையில் கல்வெட்டுகளைப் பிரதி செய்ய விடவேண்டாம் என்று சேவையின் தலைவர் மரியெத் உத்தரவிட்டதாக புருக்ஷ் தம் நினைவுகளில் எழுதியுள்ளார். அவர்கள் கற்றுத் தேறிவிட்டால் தம் பதவி என்னாகும் என்ற அச்சம்! சில ஆண்டுகளில் பாடசாலை மூடப்பட்டது.

1882இல் பிரித்தானியர் எகிப்தைக் கைப்பற்றினர். அவர்களை எதிர்த்த உராபி பாஷா 1883இல் நம் நாட்டுக்கே நாடு கடத்தப்பட்டார். அவரை நாம் நன்கறிவோம். கொழும்பு ஸாஹிராவின் வரலாற்றில் அவர் பெயருண்டு. ஆனால் அதே தலைமுறையின் இன்னொரு எகிப்தியரை நாம் அறியோம். அவர் புருக்ஷின் மாணவர் அஹ்மத் கமால். அந்நியர் தலைமையின் கீழ் நூதனசாலையில் பணிபுரிந்துகொண்டே, பழைய எகிப்து மொழிக்கு 22 தொகுதிகளில் ஓர் அகராதி தொகுத்தார். 1923இல் அவர் மௌத்தாகும்வரை அது அச்சேறவில்லை. ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் எகிப்தியல் கற்பிக்கப்பட்டது. 1953இல் தொல்பொருட் சேவைக்கு முதன்முறையாக ஓர் எகிப்தியர் தலைவரானார். 2025 நவம்பர் 1ஆம் திகதி கீஸாவில் மாபெரும் நூதனசாலை அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். சப்ரகமுவ, தொல்லியலுக்குப் புதிய இடமல்ல. எச்.சி.பி. பெல்லின் முதற் பேரறிக்கை 1892இல் வந்த கேகாலை மாவட்ட அறிக்கையே. குருவிட்ட பட்டதொம்பலெனவிலும் கித்துல்கல பெலிலெனவிலும் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதரின் தடயங்கள் கிடைத்தன. 'பலாங்கொடை மனிதன்' என்ற பெயரை உலகத்துக்குத் தந்தது எங்கள் ஊர்.

ஆனால் ஜெய்லானியில் தொல்லியல் வழக்காகிவிட்டது. 2013இல் பள்ளிவாசலைச் சூழவிருந்த கடைகளும் கட்டடங்களும் தொல்பொருள் பாதுகாப்பின் பெயரால் அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழா அங்கே நடைபெற்றது. ஒரு பாறையில் எத்தனை காலங்கள் படிந்திருந்தாலும், ஒரு காலம் மட்டுமே அதன் உரிமையாளர் என்பது ஆய்வு ஆகாது. லுக்சரில் மூன்று சமயங்களின் அடுக்குகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. கோயிலும் கெடவில்லை, தொழுகையும் நிற்கவில்லை.

மறுபக்கம், நம்மையும் நாம் கேட்க வேண்டும். பலாங்கொடையின் நீண்டகாலப் பாராளுமன்ற உறுப்பினர் எம்.எல்.எம். அபூசாலி தப்தர் ஜெய்லானி பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தப் பணியைத் தொடர்ந்தவர் எத்தனை பேர்? பிராமியும் பாளியும் வாசிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்? சப்ரகமுவப் பல்கலைக்கழகம் பெலிஹுல் ஓயாவில், நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வைத்தியம், பொறியியல் என்று பிள்ளைகளை அனுப்புகிறோம். அகழாய்வுக் குழிக்கு ஒருவரையும் அனுப்புவதில்லை. பிறகு குழியிலிருந்து வெளிவரும் அறிக்கையைப் பார்த்துக் கோபப்படுகிறோம்.

உராபி பாஷாவுக்கு நாம் விழா எடுத்தது சரிதான். ஆனால் ஜெய்லானிக்கு இப்போது தேவைப்படுபவர் ஓர் அஹ்மத் கமால். அவர் லயத்திலிருந்து வந்தாலும் சரி, பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தாலும் சரி.